கட்டடமா, 108ஆ, சொந்த வண்டியா: கிராம சபையில் எதைக் கேட்பது?

வருகிற கிராம சபையில் சுகாதாரத்துக்கு என்று ஒரு தீர்மானம் போடப் போகிறோம். எங்கள் ஊர் கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாக இறங்குகிற ஊர்களில் ஒன்று. பெயர் வேண்டாம், முன்னும் பின்னும் இருக்கிற நாலு ஊருக்கும் இதே கதைதான். டீக்கடையில் ஒரு வாரமாகப் பேச்சு ஓடுகிறது. பெரியவர்கள் ஊருக்குள் ஒரு துணை சுகாதார நிலையம் கட்டச் சொல்லு என்கிறார்கள். படகுக்காரர்கள் 108 வண்டி நம்ம விலக்கில் (சாலையிலிருந்து ஊருக்குத் திரும்புகிற இடத்தில்) நிற்க வேண்டும் என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற பையன்கள் வாட்ஸாப்பில், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு சொந்தமாகவே ஒரு வண்டி வாங்கிவிடலாம் என்கிறார்கள். நான் நாலாவதாக ஒன்று சொன்னேன்: மாதத்துக்கு ஒரு தரம் வருகிற நடமாடும் மருத்துவ வண்டியின் நாளை மாற்றச் சொல்லுவோம். "இதுக்கெல்லாமா மாப்ள தீர்மானம் போடுவாங்க?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஏன் சொன்னேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

நாலையும் சேர்த்தே எழுதினால் என்ன என்று கேட்பவர்கள் பழைய தீர்மானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். சாலை, தெருவிளக்கு, குடிநீர், ஆஸ்பத்திரி, பஸ் என்று வரிசையாக எழுதி, கீழே "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று முடித்து, அதோடு முடிந்தும் போனவை எத்தனையோ கிடக்கின்றன. இந்த நாலு கோரிக்கையும் நாலு வெவ்வேறு மேஜைக்குப் போக வேண்டியவை. ஒரே தாளில் எழுதினால் முதல் மேஜையில் இருப்பவர் "இதில் பாதி நம்ம வேலை இல்லையே" என்று கோப்பில் குத்தி வைத்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் நான் மூன்று விஷயத்தை மட்டும்தான் பார்த்தேன்: இதை முடிவு செய்கிறவர் யார், பணம் எந்தக் கணக்கில் இருந்து வரும், வந்த பிறகு வருடா வருடம் யார் நடத்துவார்கள்.

முதலில் எங்கள் மதினி கதை.

மதினி பாசிக்கு, அதாவது கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணியைச் சுற்றி, காலில் ரப்பர் செருப்பைக் கட்டி, கண்ணாடி மாட்டி முங்கினால் பாறையிலிருந்து பாசியைப் பறித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். மாசி மாதம் பாறை கிழித்து உள்ளங்காலில் ஒரு காயம். சர்க்கரை வேறு இருக்கிறது. மஞ்சளை அரைத்துப் போட்டு, மேலே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, நொண்டி நொண்டி இரண்டு மாதம் ஓட்டிவிட்டார். காயத்தின் ஓரம் கறுத்த பிறகுதான் எனக்கே தெரியும்.

"ஊருக்குள்ள வண்டி வந்துச்சே மதினி, காட்டியிருக்கலாம்ல?"

"வண்டி வர்ற அன்னைக்கு நான் கடல்ல கெடந்தேன் தம்பி. அமாவாசைய விட்டா அப்புறம் பௌர்ணமிக்குத்தான். அன்னைக்குப் போயி ஊசி போட வரிசையில உக்காந்தா அரிசிக்கு யாரு போறது?"

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மன்னார் வளைகுடா கரையில் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். கடல் நன்றாக வற்றுவதும் அப்போதுதான், பாசி திரும்ப வளர இடைவெளியும் வேண்டும். வண்டி எங்கள் ஊருக்கு வருவது மாதா மாதம் 10ஆம் தேதி வாக்கில். நிலா மாதம் சுமார் 29½ நாள், நம்ம காலண்டர் மாதம் 30, 31. ஆக அமாவாசை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்னால் நகர்கிறது, அவ்வளவுதான். ஒரு மாதம் வண்டி நாள் பாசி நாளில் விழுந்துவிட்டால், அடுத்து நாலைந்து மாதம் தொடர்ந்து அங்கேயேதான் விழும். மதினி சோம்பேறித்தனத்தால் காட்டாமல் விட்டார் என்று நினைத்தேன், காலண்டரை வைத்து எண்ணிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

வடக்கே பாக் நீரிணைப் பக்கம் போனால் இதே சிக்கல் வேறு மாதிரி இருக்கிறது. ராமேசுவரம், மண்டபத்தில் விசைப்படகுக்கு திங்கள், புதன், சனி, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்று ஏற்பாடு. அங்கே எந்தக் கிழமையில் முகாம் போட்டாலும் ஒரு கூட்டம் கடலில்தான் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மட்டும் விசைப்படகு ஆட்கள் எல்லாரும் கரையில். பிரஷர், சர்க்கரை பார்க்க அதைவிடத் தோதான காலம் இல்லை. யாராவது அதை மனதில் வைத்துத் திட்டம் போட்டிருக்கிறார்களா என்று கேட்டால் எனக்குத் தெரிந்த வட்டாரத்தில் இல்லை.

சரி, இந்தத் திட்டம் எப்படித்தான் போடுகிறார்கள்?

அடிப்படை தலைக்கணக்கு. சமதளத்தில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். மலை, பழங்குடிப் பகுதி என்றால் 3,000, 20,000 என்று குறையும். கடற்கரை என்று தனி வரி கிடையாது. உள்நாட்டு ஊர் வட்டமாக இருக்கும், கரையோர ஊர் கயிறு மாதிரி நீளமாக இருக்கும் என்பது இந்தக் கணக்குக்குத் தெரியாது. ஒரே துணை நிலையத்தில் அடங்குகிற ஆறு குடியிருப்பில் நாலு சாலையோரம், இரண்டு மணலுக்குள்.

அப்புறம் பணம். தேசிய சுகாதார இயக்கத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 பங்கு. வட்டாரத்தில் இருந்து தேவைப் பட்டியல் மாவட்டத்துக்குப் போகிறது. அங்கே ஆட்சியர் தலைமையில் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் இருக்கிறது. அங்கிருந்து சென்னை, சென்னையில் இருந்து டெல்லி. 2022க்குப் பிறகு இந்தச் செயல்திட்டத்தை இரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் போடுகிறார்கள், ஆகவே பட்டியல் போடுகிற நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த பஸ் இரண்டு வருடம் கழித்துத்தான். நம் மாவட்டத்தில் 11 ஒன்றியம், 429 ஊராட்சி. பொது சுகாதாரத் துறையோ அதை ராமநாதபுரம், பரமக்குடி என்று இரண்டு சுகாதார மாவட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் ஊர் எதில் வருகிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், மனுவை மாற்றிக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2018இல் ராமநாதபுரத்தையும் விருதுநகரையும் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று நிதி ஆயோக் பட்டியலில் சேர்த்தார்கள். அதில் மாவட்டத்துக்குப் போடுகிற மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் சுகாதாரத்துக்கும் ஊட்டச்சத்துக்கும். நல்ல விஷயம்தான், கர்ப்பிணிப் பதிவு, ஆஸ்பத்திரிப் பிரசவம், காசநோய் சிகிச்சை இதெல்லாம் மாதா மாதம் எண்ணப்படுவதால் அதிகாரிகளின் கண் அதில் இருக்கிறது. பாசிக்காரர் உள்ளங்கால் அந்தப் பட்டியலில் இல்லை. எண்ணாதது திட்டத்தில் ஏறாது, ஏறினால் ஏதாவது பெரிதாக நடந்த பிறகு. ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய பிறகுதான் உச்ச நீதிமன்றமே தானாக வழக்கை எடுத்தது, நாடு முழுக்க மனநலக் காப்பகங்களைப் பற்றிப் பேச்சு வந்தது.

இப்போது ஒவ்வொன்றாக.

கட்டடம். இதை எதிர்ப்பது ஊரில் கெட்ட பெயர் வாங்கித் தரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். துணை சுகாதார நிலையம் கட்ட பணம் இல்லாமல் இல்லை. 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு என்றே நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாய் ஒதுக்கியது, சொந்தக் கட்டடம் இல்லாத துணை நிலையங்களுக்குக் கட்டுவதும் அதில் ஒரு இனம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி இருக்கிறது, நாடாளுமன்ற உறுப்பினருக்கு வருடம் 5 கோடி இருக்கிறது. கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம், அதனால் பணம் கிடைப்பது ஒப்பீட்டளவில் சுலபம்.

கஷ்டம் அதற்குப் பிறகு. நிலம் வேண்டும். கரையோரம் என்றால் கடற்கரை ஒழுங்காற்று மண்டல விதி வரும். மருந்தகம், பள்ளிக்கூடம் போல உள்ளூர் மக்களுக்கு வேண்டியதைக் கட்ட அந்த விதியில் இடம் இருக்கிறது, ஆனால் மாநில கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டும். அதையும் தாண்டினால் பணியிடம். கிராம சுகாதார செவிலியர் பணியிடத்தை உருவாக்குவது ஊராட்சியோ ஆட்சியரோ இல்லை, அரசாணை வர வேண்டும். ஏற்கெனவே ஒரு நர்ஸம்மா ஆறு குடியிருப்பைப் பார்க்கிறார். புதுக் கட்டடம் வந்தால் அதே நர்ஸம்மாவுக்கு இன்னொரு சாவி கிடைக்கும். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் அப்படித்தான் ஆனது, பெயர் சொல்லவில்லை. வெள்ளை அடித்த கட்டடம், வாசலில் நலவாழ்வு மையம் என்று அழகான எழுத்து, உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்து, தாழ்வாரத்தில் யாரோ வலை காயப் போட்டிருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் திறப்பார்கள் என்றார்கள். நான் போன மூன்று தடவையும் அந்த ஒரு நாள் இல்லை.

கட்டடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணியிடத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும், அதைக் கேட்கிற இடம் கிராம சபை மட்டும் இல்லை. மாவட்ட சுகாதாரப் பேரவை என்று ஒன்று நடக்கிறது, அங்கே வரும் கோரிக்கைகளில் மாவட்டத்தில் முடியாதவை மாநிலப் பேரவைக்குப் போகும். உலக வங்கிக் கடனில் நடந்த சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தோடு வந்த ஏற்பாடு. அதில் பேச ஊருக்கு ஆள் வேண்டும், புள்ளிவிவரம் வேண்டும். இரண்டு வருட வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

108. இதில்தான் எனக்கே மனது இரண்டாகிறது. திருக்கை முள் குத்தினால், படகில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தால், மாதம் ஒரு நாள் வருகிற வண்டியால் என்ன பிரயோசனம் என்று கேட்டால் பதில் இல்லை. (திருக்கை குத்தினால் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை முக்கி வைக்கிற நம்ம ஊர் வைத்தியம் சரியானதுதான், அந்த விஷம் சூட்டில் வீரியம் குறையும். ஆனால் முள் உள்ளே ஒடிந்திருந்தால் ஆஸ்பத்திரி தவிர வேறு வழி இல்லை.)

ஆனால் 108 யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 2008 செப்டம்பரில் தொடங்கியதில் இருந்து அரசு பணம் கொடுக்கிறது, ஒப்பந்தத்தில் ஒரு நிறுவனம் நடத்துகிறது. அழைப்பு போவது சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்கு. தேசிய அளவுகோல் ஒரு லட்சம் பேருக்கு ஒரு சாதாரண ஆம்புலன்ஸ், ஐந்து லட்சம் பேருக்கு உயிர்காக்கும் கருவிகளோடு ஒன்று. வண்டி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு அழைப்புக் கணக்கு முக்கியம். எங்கள் ஊரில் யார் 108ஐக் கூப்பிடுகிறார்கள்? வண்டி வருவதற்குள் நேரமாகிவிடும் என்று பக்கத்து வீட்டு ஆட்டோவில், மீன் ஏற்றுகிற டாடா ஏஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழக்கரைக்கோ ராமநாதபுரத்துக்கோ பறக்கிறோம். கூப்பிடாததால் கணக்கில் நாம் இல்லை, கணக்கில் இல்லாததால் வண்டி தூரத்தில் நிற்கிறது, தூரத்தில் நிற்பதால் கூப்பிடுவதில்லை. இந்த வட்டத்தைத் தீர்மானத்தால் உடைக்க முடியாது. ஆறு மாதம் விடாமல் கூப்பிட வேண்டும், ஆட்டோவில் போனாலும் கூப்பிட்ட நேரம், வண்டி வந்த நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த நோட்டோடு போனால் பேச்சில் பலம் இருக்கும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம்.

சொந்த வண்டி பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. வாங்குவது ஒரு நாள், ஓட்டுவது வருடம் முழுக்க. டிரைவர் சம்பளம், டீசல், இன்சூரன்ஸ், எஃப்சி, உப்புக் காற்றில் அடித்தளம் இற்றுப்போகிற செலவு. முதல் வருடம் வெளிநாட்டுப் பையன்கள் அனுப்புவார்கள், மூன்றாவது வருடம் வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதில் சண்டை வரும். டீக்கடைப் பேச்சில் ஒருவர் கடல் ஆம்புலன்ஸ் கேட்கலாம் என்றார். கேரளத்தில் 2020இல் பிரதீக்ஷா என்ற பெயரில் மீன்வளத் துறையே விட்டது, பின்னால் இன்னும் இரண்டு வந்தன. நல்ல யோசனை, ராமேசுவரம் மாதிரிப் பெரிய இறங்குதளத்துக்கு அரசு செய்ய வேண்டியது. ஒரு ஊராட்சித் தீர்மானத்துக்குள் அடங்குகிற காரியமில்லை.

இப்போது என் வண்டிக்கு வருகிறேன். நடமாடும் மருத்துவக் குழு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைந்தது. வண்டி ஏற்கெனவே இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், டீசல் இருக்கிறது, மருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கில் இருந்து நிலையத்தின் பாஸ்புக் கணக்கில் வருகிறது. எந்த நாள் எந்த ஊர் என்ற பயணத்திட்டம் வட்டார மருத்துவ அலுவலர் மேஜையில் தயாராகிறது. அதிகம் போனால் மாவட்ட சுகாதார அலுவலரிடம் (துணை இயக்குநர் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அவர்தான்) ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும். அரசாணை இல்லை, நிலம் இல்லை, டெண்டர் இல்லை. புதுச் செலவு ஒரு ரூபாய் கிடையாது. 10ஆம் தேதி என்பதற்குப் பதிலாக, அந்தந்த மாதம் அஷ்டமியை ஒட்டி, அதாவது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நட்டநடுவில் வாருங்கள் என்பதுதான் கோரிக்கை. மாற்றிய அடுத்த மாதமே பலன் தெரியும், சரிவரவில்லை என்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். கட்டிய கட்டடத்தை அப்படி நகர்த்த முடியுமா?

குறையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை வேறு சிறப்பு முகாமுக்கு எடுத்துவிட்டால் அந்த மாதம் போச்சு. டாக்டர் மாறுதலானால் சில வாரம் நர்ஸ் மட்டும் வருவார். ஒரு ஊருக்காக நாளை மாற்றினால் அந்த நாளில் வண்டி போய்க்கொண்டிருந்த உள்நாட்டு ஊருக்கு இடறும், அவர்களிடம் பேசாமல் இதைச் செய்தால் அடுத்த கிராம சபையில் அவர்கள் தீர்மானம் போடுவார்கள். நான் அந்த ஊரில் பேசிவிட்டேன், பருத்தி எடுப்பும் மிளகாய்ப் பறிப்பும் நடக்கிற மாதங்களைத் தவிர அவர்களுக்குத் தேதி ஒரு பொருட்டில்லை என்றார்கள். மிளகாய் மாதங்களுக்கு மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம்தான் இருக்கிறதே, பிறகு வண்டி எதற்கு என்று ஒரு கேள்வியும் வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார், எங்கள் தெருவில் சாயங்காலம் வருகிற அக்கா ஒரு வீட்டையும் விடுவதில்லை. என் அம்மாவுக்கு மாத்திரை தவறாமல் வருவது அவரால்தான். ஆனால் காயத்தைச் சுத்தம் செய்து தையல் போடவோ, காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்த்து மருந்தை மாற்றவோ அவருக்கு வழியில்லை. அதற்கு டாக்டர் வேண்டும்.

ஆக என் வரிசை இது: இந்தக் கிராம சபையில் வண்டி நாள் மட்டும். 108 நோட்டு இன்றிலிருந்தே. கட்டடமும் பணியிடமும் மாவட்டப் பேரவைக்கு, அடுத்த செயல்திட்டப் பட்டியல் போடுவதற்கு முன்னால்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்த பிறகு, தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தலைவர் என்று ஒருவர் இல்லாமல் போனதும் நான் சின்னதாகக் கேட்கச் சொல்வதற்கு ஒரு காரணம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. ஒன்றில் போட்டதை அடுத்ததில் "என்ன ஆச்சு?" என்று கேட்கிற அளவுக்காவது கோரிக்கை கைக்கடக்கமாக இருக்க வேண்டும். கிராம சுகாதாரக் குழுவுக்கு வருடம் 10,000 ரூபாய், இதற்குத்தான் என்று முடிச்சுப் போடாத பணமாக வருகிறது. வண்டி வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்க அதில் இருந்து எடுக்கலாம் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரை எடுத்து, அடுத்த ஒரு வருடத்துக்குப் பாசி நாட்களை மதினியை வைத்துக்கொண்டு நீல மையில் வட்டமிட்டேன். வட்டாரத்தில் கொடுக்கிற மனுவோடு அதைத்தான் இணைப்பாக வைக்கப் போகிறோம். பங்குனியில் நான் போட்ட ஒரு வட்டத்தை மதினி அடித்துவிட்டு, காத்து திரும்புற நேரம், அந்த ஆறு நாளில் தண்ணி கலங்கிப் போகும், யாரும் இறங்க மாட்டோம், அப்போ வண்டி வரலாம் என்றார். அப்புறம் கேட்டார்: "அந்த வண்டியில டிடி ஊசி வச்சிருப்பாங்களா தம்பி? பாறை கிழிச்சா அதுதானே முதல்ல வேணும்." வரைவில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன்.